கடவையும் காவலும்: புகையிரத வரலாற்றில் திறப்பு விழாக்களும் விபத்துக்களும்

ஒரு நாட்டின் புகையிரத வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் திறப்பு விழாக்களின் வரிசையையே வரலாறெனத் தருவர். இன்ன ஆண்டில் இன்ன ஊர்வரை பாதை திறக்கப்பட்டது, இன்ன தேசாதிபதி முதல் வண்டியில் ஏறிச் சென்றார், இத்தனை மைல் தூரம் போடப்பட்டது என அது விரிந்து செல்லும். விபத்துக்களோ அவ்வக்காலப் பத்திரிகைகளில் இரண்டொரு வாரம் பேசப்பட்டுப் பின்னர் மறக்கப்படுகின்றன. ஆயினும் ஆழ்ந்து நோக்குமிடத்து, திறப்பும் விபத்தும் ஒரே நூலின் அடுத்தடுத்த பக்கங்களே என்பது புலனாகும். திறக்கப்பட்ட பாதையில் வண்டி பத்திரமாய்ச் செல்லுதற்குரிய விதிகளுட் பல, விபத்துக்களின் பின்னரே வகுக்கப்பட்டன. அவ்விதிகளை மறந்த இடங்களிலும், அவை இன்னும் வகுக்கப்படாத இடங்களிலும் உயிர்கள் மீண்டும் பலியாயின. இவ்வுண்மையை இலங்கைப் புகையிரதப் பாதையையும், பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள அதன் உடன்பிறப்பான தென்னிந்தியப் பாதையையும் முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உலகின் பிற பாகங்களில் நிகழ்ந்தவை இதற்குத் துணையாம் அளவிற்கே இங்கு எடுத்துக்கொள்ளப்படும்.

பாலத்துறை முதல் அம்பேபுசை வரை

கொழும்பின் வடபால் களனி ஆற்றை அடுத்துள்ள கிராண்ட்பாஸ் தமிழிற் பாலத்துறை என வழங்கும். பெருங்கடவை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே கிராண்ட்பாஸ் என்னும் பெயர். இரு பெயர்களும் ஒரே செய்தியையே கூறுகின்றன. கண்டிக்குச் செல்லும் பாதையும் நீர்கொழும்புக்குச் செல்லும் பாதையும் இவ்விடத்திலேயே ஆற்றைக் கடந்தன. 19ஆம் நூற்றாண்டின் பெரும் பகுதியும் இங்கே படகுகளை வரிசையாகப் பிணைத்து அவற்றின்மேற் பலகை பரப்பிய மிதவைப் பாலமொன்று இருந்தது. ஆற்றிற் செல்லும் படகுகளுக்கு வழிவிடும்பொருட்டுக் குறித்த வேளைகளில் இரண்டொரு படகுகளை விலக்கிப் பாலத்தைத் திறப்பர்; அவ்வேளையில் வண்டிகளும் மாந்தரும் இருகரையிலும் காத்து நிற்பர்.

மலைநாட்டிற் கோப்பிப் பயிர் பெருகியபோது அக்கோப்பி முழுவதும் மாட்டு வண்டிகளில் இக்கடவை வழியாகவே கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. பயணம் நாட்கணக்காக நீடித்தது. மழைக்காலத்தில் வாரக்கணக்காகவும் ஆயிற்று. மாடுகள் நோயால் மடிந்தன, மூட்டைகள் நனைந்து கெட்டன, வண்டிக்கூலியும் உயர்ந்தது. இந்நிலையிலேதான் தோட்டத் துரைமார் புகையிரதப் பாதை வேண்டுமெனக் குரலெழுப்பினர். 1845ஆம் ஆண்டில் இலங்கைப் புகையிரதக் கம்பனி தோற்றுவிக்கப்பட்டது. ஆனால் இரண்டாண்டு கழியுமுன் கோப்பி விலை வீழ்ந்தது, முயற்சியும் தளர்ந்தது. பின்னர் 1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் தேதி தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண் வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார். கணிக்கப்பட்டதிலும் பன்மடங்கு பணம் செலவாகும் எனப் பின்னர்க் கண்டதனால், 1861ஆம் ஆண்டிற் கம்பனியோடு செய்த ஒப்பந்தம் நீக்கப்பட்டு, அரசாங்கமே பொறுப்பை ஏற்றது. பாதையை அமைக்கும் வேலை பேவியெல் என்னும் ஒப்பந்தகாரரிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் 1853ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் தேதி திறக்கப்பட்ட பம்பாய்–தானாப் பாதையை அமைத்தவருள் ஒருவர். இந்தியாவின் முதற் பயணிகள் பாதையைக் கண்ட கைகளே இலங்கையின் முதற் பாதையையும் அமைத்தன. பொறியியற் பொறுப்பு கில்போட் மோல்ஸ்வேர்த் என்பாரைச் சார்ந்தது. தண்டவாளங்களின் இடையகலம் இந்தியாவின் அகலப் பாதையைப் போலவே 5 அடி 6 அங்குலமாக வைக்கப்பட்டது.

1864ஆம் ஆண்டு திசெம்பர் 27ஆம் தேதி முதல் வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்குச் சென்றது. தூரம் 33½ மைல், அதாவது ஏறத்தாழ 54 கிலோமீற்றர். பிற்காலத்திற் பெல்ஜியத்தின் அரசராகிய இரண்டாம் லியோபோல்ட் அன்று பிரபு நிலையில் இருந்தவராய் அவ்வண்டியிற் பயணஞ் செய்தார். பொதுமக்களுக்கும் வணிகத்திற்குமாகப் பாதை திறக்கப்பட்டது அடுத்த ஆண்டு ஒக்டோபர் 2ஆம் தேதியிலாகும். பாலத்துறைக்குக் கிழக்கே தெமட்டகொடை வழியாகச் சென்று களனி ஆற்றை இரும்புப் பாலத்தாற் கடந்த இப்பாதை, பழைய மிதவைப் பாலத்தின் முதன்மையைச் சிறிது சிறிதாகக் குறைத்தது. பெருங்கடவை இடம் மாறிற்று. கடவைக்குரிய கவலைகளும் அதனுடன் சேர்ந்து தண்டவாளத்தின்மேல் ஏறின.

மலைப்பாதையும் வடபாதையும்

அம்பேபுசைக்கு அப்பால் வேலை கடினமாயிற்று. இறம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடைப்பட்ட ஏற்றத்தில் 45 அடி நீளத்திற்கு ஓர் அடி உயரும் சாய்விலே, செங்குத்தான பாறைகளின் விளிம்பிலும் சுரங்கங்களினூடும் பாதை செல்லவேண்டியிருந்தது. பாறையை வெடிவைத்துப் பிளந்தோரும் மண் சுமந்தோருமாகிய தொழிலாளருட் பெரும்பாலார் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். மலையடிவாரக் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களுட் பலரைக் கொண்டுபோயின. 1867ஆம் ஆண்டு பாதை கண்டியை அடைந்தபோது விழா எடுக்கப்பட்டது. அவ்விழாவைப் பற்றிய ஏடுகளில் தேசாதிபதியின் பெயருண்டு, பொறியியலாளரின் பெயருண்டு, பாதையோரத்திற் புதைக்கப்பட்டோரின் பெயரைத் தேடுவோர் வெறுங்கையுடனே திரும்புவர். புகையிரத விபத்துக்களின் கணக்கு வண்டி ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே எழுதப்படுகின்றது. பாதை போடும்போது மாண்டாரையுஞ் சேர்த்துக் கொள்ளாத அக்கணக்கு குறைவுடையதே.

இப்பாதையின் செலவுக்காகக் கோப்பி ஏற்றுமதிமீது தீர்வை விதிக்கப்பட்டது. ஆயின் பாதை கண்டியை அடைந்து இரண்டாண்டில், 1869இல், கோப்பி இலைகளிற் பூஞ்சண நோய் தோன்றியது. இருபதாண்டு செல்லுமுன் கோப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. கோப்பி போட்ட பாதையிலே தேயிலை ஏறிச் சென்றது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் அட்டன், 1885இல் நானுஓயா, 1894இற் பண்டாரவளை எனப் பாதை படிப்படியாக உயர்ந்து, 6,200 அடிக்கும் மேற்பட்ட பட்டிப்பொலையைத் தாண்டி, 1924ஆம் ஆண்டு பதுளையை அடைந்தது. தெற்கே கரையோரப் பாதை 1894இற் காலியையும் 1895இல் மாத்தறையையும் சேர்ந்தது. களனிப் பள்ளத்தாக்கில் 2 அடி 6 அங்குல அகலமுடைய குறுகிய பாதையொன்று 1902இல் அவிசாவளைவரை திறக்கப்பட்டது. அது பல்லாண்டு ஓடிய பின் 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது.

வடபாதையின் வரலாறு சற்று வேறானது. பாதை கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வரும்வரை காத்திராது, காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிவரையான பகுதி 1902ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி தனியே திறக்கப்பட்டது. பின்னர் வன்னிக் காட்டை ஊடறுத்து இரு பகுதிகளும் இணைக்கப்பட, 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் தேதி யாழ்ப்பாணம் கொழும்புடன் நேரே தொடர்புற்றது. அதற்கு முன் யாழ்ப்பாணத்தார் தலைநகருக்கு வரக் கடல்வழியே கப்பலேறினர், அன்றேல் காட்டுப் பாதையில் வண்டி பூட்டினர். இப்பாதையின் வரவாற் கொழும்புக் கந்தோர்களில் எழுதுவினைஞராயும் ஆசிரியராயும் தமிழ் இளைஞர் பலர் சேர்ந்தனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் குடியிருப்பு வளர்ந்தமைக்கு இவ்விரண்டு தண்டவாளங்களும் பெரிதும் காரணமாயின.

விபத்துக்கள் எழுதிய விதிகள்

புகையிரதப் பாதையின் திறப்பும் விபத்தும் ஒரே நாளில் நிகழ்ந்த வரலாறும் உண்டு. 1830ஆம் ஆண்டு செப்தெம்பர் 15ஆம் தேதி இங்கிலாந்தில் லிவர்பூல்–மன்செஸ்ரர்ப் பாதை திறக்கப்பட்டது. விழாவுக்கு வந்திருந்த பாராளுமன்ற உறுப்பினராகிய வில்லியம் ஹஸ்கிசன், இடைவழியில் வண்டி நின்றபோது இறங்கித் தண்டவாளத்தில் நின்றார். அடுத்த பாதையில் விரைந்து வந்த ரொக்கெற் என்னும் இயந்திரம் அவரை மோதியது; அன்றிரவே அவர் உயிர் துறந்தார். குதிரையின் வேகத்துக்குப் பழகிய கண்ணும் காலும் இயந்திரத்தின் வேகத்தை அளக்க மாட்டாதிருந்தமையே இதன் காரணம். இன்றும் கடவைகளில் நிகழும் விபத்துக்களுட் பலவற்றுக்குக் காரணம் இதுவே.

இலங்கை மலைப்பாதையின் நிலையங்களிற் பல தலைமுறைகளாகக் காணப்பட்ட ஒரு காட்சி உண்டு. நிலைய அதிபர் ஒரு வளையத்தில் தொங்கும் பையை வண்டி ஓட்டுபவரின் பக்கம் நீட்டுவார். வண்டியிலிருப்பவர் அதனைக் கையிற் பற்றிக்கொண்டு, தாம் கொணர்ந்த வளையத்தைக் கொடுத்துச் செல்வார். அப்பையினுள் இருப்பது டேப்லட்டு எனப்படும் வட்டத் தகடு. ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கிடையே அத்தகடு கையில் உள்ள வண்டியொன்றே செல்லலாம். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டுள்ளன. ஒரு தகடு வெளியே எடுக்கப்பட்டிருக்கும்வரை இரு கருவிகளுட் யாதொன்றிலிருந்தும் மற்றொரு தகட்டை எடுத்தல் இயலாது. ஆதலால் ஒரே துண்டுப் பாதையில் எதிரெதிராக இரு வண்டிகள் நுழையும் வழி அடைக்கப்படுகின்றது.

இக்கருவி தோன்றிய வரலாறு துயரமானது. 1874ஆம் ஆண்டு செப்தெம்பர் 10ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் நொறிச் நகரை அடுத்த தோர்ப்பு என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதின. 25 பேர் மாண்டனர். அந்நாளில் எவ்வண்டி முதலிற் செல்வது என்பது தந்தி மூலமே முடிவு செய்யப்பட்டது. நிலையத்தார் ஒருவரோடொருவர் தவறாக விளங்கிக்கொண்டமையால் அனுப்பக் கூடாத தந்தி சென்றுவிட்டது. அதனைத் திரும்ப அழைக்க முயன்றபோது காலங்கடந்துவிட்டது. சொல்லை நம்பிச் செல்லும் முறையில் இத்தவறு எங்கும் எப்போதும் நேரக்கூடும் என்பதை உணர்ந்த எட்வேட் டையர் என்பார், சொல்லுக்குப் பதிலாகக் கையிற் பிடிக்கக்கூடிய பொருளொன்றை வைத்து, மனிதர் பிழைவிட்டாலும் கருவி பிழைவிடாதபடி இம்முறையை வகுத்தார். நொறிச்சில் மாண்ட இருபத்தைவரும் இலங்கையை ஒருபோதும் கண்டவரல்லர். எனினும், மூடுபனி படர்ந்த மலைப்பாதையில் நள்ளிரவில் உறங்கிச் சென்ற பயணியின் உயிரைக் காத்ததில் அவர்களது சாவுக்கும் ஒரு பங்குண்டு.

1889ஆம் ஆண்டு யூன் 12ஆம் தேதி அயர்லாந்தின் ஆர்மா நகரருகே நிகழ்ந்த விபத்தும் இவ்வகையதே. ஞாயிறுப் பாடசாலைச் சிறுவரையும் பெற்றோரையும் உல்லாசப் பயணம் கொண்டுசென்ற வண்டி ஓர் ஏற்றத்தில் ஏறமாட்டாது நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து முற்பாதியை முதலில் மேலே இழுத்துச் செல்ல முயன்றனர். பிற்பாதிப் பெட்டிகளைத் தாங்கி நிறுத்தப் போதிய பிரேக்கு இல்லாமையாற் சக்கரங்களின்கீழ்க் கற்களை வைத்தனர். பெட்டிகள் கற்களை நொறுக்கிக்கொண்டு பின்னோக்கி உருண்டு, பின்னே வந்துகொண்டிருந்த மற்றொரு வண்டியின்மேல் மோதின. 80 பேர் இறந்தனர்; அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொருவர் சிறுவர். அவ்வாண்டே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமொன்றை நிறைவேற்றியது. பயணி வண்டியின் எல்லாப் பெட்டிகளிலும் தானாக இயங்கும் பிரேக்கு இருத்தல் வேண்டும், முன்சென்ற வண்டி ஒரு பகுதியை விட்டு நீங்கும்வரை பின்வண்டி அதனுட் புகுதல் கூடாது, கைகாட்டியும் பாதை மாற்றும் கருவியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்பவை அதனாற் கட்டாயமாக்கப்பட்டன. இம்மூன்றும் அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தவை. பல கம்பனிகள் செலவை எண்ணித் தயங்கின. எண்பது உயிர்கள் அத்தயக்கத்தை முடித்துவைத்தன. அறியாமையால் வரும் விபத்து வேறு, அறிந்தும் செய்யாமையால் வரும் விபத்து வேறு என்பதை ஆர்மா தெளிவாகக் காட்டுகின்றது.

பொறுப்பு யாருடையது என்னும் கேள்விக்குத் தமிழ்நாட்டு நிகழ்ச்சியொன்று சிறந்த விடையளிக்கின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி அதிகாலையில், பெருமழையால் வெள்ளம் பெருகியிருந்த மருதையாற்றின் பாலத்தருகே, அரியலூரை அடுத்துத் தூத்துக்குடி விரைவுவண்டி கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று இந்தியாவின் புகையிரத அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அவ்வாண்டு செப்தெம்பர் மாதம் மகபூப்நகரிற் பாலம் உடைந்து 112 பேர் இறந்தபோதும் அவர் பதவி விலக முன்வந்து, பிரதமர் நேருவினால் தடுக்கப்பட்டிருந்தார். அரியலூர்ப் பாலத்தை அவர் கட்டவுமில்லை. மழையை அவர் பெய்விக்கவுமில்லை. எனினும் திறப்பு விழாவின் மாலையை ஏற்கும் கழுத்து விபத்தின் பழியையும் ஏற்றல் வேண்டும் என்பதை அச்செயல் உணர்த்திற்று.

சேதுக் கடலின் இரு கரைகள்

இலங்கைப் பாதையும் தென்னிந்தியப் பாதையும் கடலாற் பிரிக்கப்பட்டிருந்தும் ஒருகாலத்தில் ஒரே பயணச்சீட்டில் இணைந்திருந்தன. 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடலின்மேல் 2 கிலோமீற்றருக்கும் மேலான நீளத்தில், 145 கண்களுடன் அமைந்த அப்பாலத்தின் நடுக்கண் கப்பல்களுக்கு வழிவிடுதற்காக இருபுறமும் மேலே திறக்கும். பாலத்துறையில் இரண்டொரு படகுகளை விலக்கி வழிவிட்ட பழைய முறையே இங்கு இரும்பிலே பேருருக்கொண்டது எனலாம். சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடிவரை வண்டியிற் சென்று, அங்கிருந்து 22 மைல் கடலை நீராவிக் கப்பலிற் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பை அடைவர். போட்மெயில் எனப் புகழ்பெற்ற இவ்வழியிலே வணிகரும் மாணவரும் யாத்திரிகரும் வந்தனர். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலிருந்தபின் தோட்டத் தொழிலாளரும் இவ்வழியே வந்தனர். பாலத்துறை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வாழும் எத்தனையோ குடும்பங்களின் மூதாதையர் இலங்கை மண்ணை முதலில் மிதித்த இடம் தலைமன்னார்த் துறையேயாகும்.

கடற்காற்றின் வலிமையை இப்பாலத்தை அமைத்தோர் அறியாதவரல்லர். ஸ்கொத்லாந்தில் தே ஆற்றின் முகத்துவாரத்திலே 1878ஆம் ஆண்டு யூன் மாதம் திறக்கப்பட்ட பெரும்பாலம், ஒன்றரை ஆண்டு கழிந்து 1879ஆம் ஆண்டு திசெம்பர் 28ஆம் தேதி இரவிற் புயற்காற்றாற் சரிந்தது. அப்போது அதன்மேற் சென்ற வண்டியில் இருந்தோருள் ஒருவரும் உயிர் தப்பவில்லை. பாலத்தை வகுத்தமைக்காகச் சேர் பட்டம் பெற்றிருந்த தோமஸ் பவுச், காற்றின் அழுத்தத்துக்குப் போதிய இடங்கொடுக்கவில்லை என விசாரணையிற் கண்டனம் பெற்றார். அதன்பின் பாலங்களை வகுப்போர் காற்றையும் ஒரு பாரமாகக் கணக்கிற் சேர்த்தனர். பாம்பன் பாலத்திலும் காற்றின் வேகத்தை அளந்து, அது எல்லை கடக்கும்போது வண்டியை நிறுத்தும் முறை கைக்கொள்ளப்பட்டது.

ஆயினும் 1964ஆம் ஆண்டு திசெம்பர் 22ஆம் தேதி நள்ளிரவில் வந்தது பாலத்தின் கணக்குக்குள் அடங்காத ஒன்று. இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்த சூறாவளி பெருங்கடலலையை எழுப்பித் தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற 653ஆம் இலக்கப் பயணி வண்டி, நிலையத்தை அணுகும் இடத்திலே கைகாட்டி விளக்கு அணைந்திருக்கக் கண்டு நின்றது என்றும், சிறிது காத்திருந்தபின் ஊதிக்கொண்டு முன்னேறியது என்றும் கூறுவர். பதிவுகளின்படி அவ்வண்டியில் இருந்த 115 பேரும் கடலுள் மறைந்தனர். பயணச்சீட்டின்றி ஏறியோரையுஞ் சேர்த்தால் தொகை மேலும் கூடும். பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புத் தளங்களை அலை அடித்துச் சென்றது. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியியலாளரின் பொறுப்பில் 46 நாட்களிற் பாலம் செப்பனிடப்பட்டமை பெருஞ் சாதனையே. தனுஷ்கோடியோ மீண்டும் ஊராகவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து சிலகாலம் ஓடி, 1980களிற் போர்ச் சூழலால் அதுவும் நின்றது.

இங்கே காலக்கணக்கிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தனுஷ்கோடி அழிந்த நாளிலிருந்து ஐந்தாம் நாள் இலங்கைப் புகையிரதத்தின் நூற்றாண்டு நிறைவாகும். முதல் நூற்றாண்டின் முடிவிலே கடல் அப்பாதையின் இந்திய வாயிலை அடைத்தது. அதன்பின் நாற்பதாண்டு கழிந்து, அதே மாதத்தின் அதே கிழமைகளில், கடல் மறுமுறை வந்தது.

பெரலிய

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் தேதி காலை 6.50 மணியளவிற் கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கி ஒரு வண்டி புறப்பட்டது. அன்று பூரணை, முன்னாள் நத்தார். விடுமுறைக்கு ஊர் செல்வோரால் வண்டி நிரம்பியிருந்தது. ஏறத்தாழ அதே வேளையிலே, சுமாத்திராவின் மேற்குக் கடலடியில் நிலம் பெயர்ந்தது. வண்டி களுத்துறை, அளுத்கமை, அம்பலாங்கொடை எனக் கரையோரமாகச் சென்றுகொண்டிருந்த இரண்டரை மணி நேரமும் பேரலை கடலைக் கடந்து வந்துகொண்டிருந்தது. 9.30 மணியளவில், இக்கடுவைக்கு அண்மையிலுள்ள பெரலியவில் முதலலை வண்டியை நிறுத்திற்று. சூழ இருந்த ஊரார் வண்டியே உறுதியான காப்பிடம் என எண்ணி அதனுள் ஏறினர். சிலர் பெட்டிகளின் மறைவில் ஒதுங்கினர். அடுத்து வந்த பேரலை பெட்டிகளைத் தண்டவாளத்திலிருந்து பெயர்த்து வீடுகளின்மேலும் மரங்களின்மேலும் எறிந்தது. இறந்தோர் 1,700 பேருக்கும் மேலாவர் எனக் கணிக்கப்படுகின்றது. உலகப் புகையிரத வரலாற்றில் ஒரே வண்டியில் இத்தனை உயிர் போன நிகழ்ச்சி வேறில்லை.

இதனை விபத்தெனக் கூறலாமோ, இயற்கையின் சீற்றமெனக் கூறி அமைதலாமோ? அலையை எவராலும் தடுத்திருக்க முடியாது. வண்டியை நிறுத்தியிருக்க முடியுமோ என்பதே கேள்வி. செய்தி கிடைத்தபின் மருதானைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தார் முன்னுள்ள நிலையத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்க முயன்றனர் எனவும், நிலையத்தார் வண்டியை அனுப்பும் வேலையில் இருந்தமையால் அதனை எடுக்கவில்லை எனவும், எடுத்தபோது வண்டி சென்றுவிட்டது எனவும் அறியப்படுகின்றது. நொறிச்சில் 1874இல் நிகழ்ந்ததன் சாயல் இதில் தெரிகின்றது. அங்கே செல்லக் கூடாத செய்தி சென்றது. இங்கே செல்ல வேண்டிய செய்தி செல்லவில்லை. பசிபிக் சமுத்திரத்திற் பேரலை எச்சரிக்கை நிலையம் 1949ஆம் ஆண்டு முதல் இயங்கியது. இந்து சமுத்திர நாடுகளுக்கு அத்தகைய அமைப்பு இருக்கவில்லை. 2004இன் பின்னரே அது யுனெஸ்கோவின் வழியாக உருவாக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு முதல் இயங்கலாயிற்று. ஆர்மாவிற்குப்பின் சட்டம் வந்ததுபோலவே பெரலியவிற்குப்பின் எச்சரிக்கை வந்தது. அறிந்திருந்தும் செலவிற்கும் சோம்பலுக்கும் இடங்கொடுத்துக் காத்திருந்த காலத்தின் விலை எவ்வளவு என்பதை இவ்விரு ஊர்களும் கூறும்.

மீண்டும் திறந்த பாதை

வடபாதையின் பிற்கால வரலாறு இக்கருத்தை வேறொரு கோணத்திலிருந்து விளக்குகின்றது. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் தேதி தொடங்கிய யாழ்தேவி, கொழும்புத் தமிழர் வாழ்விற் பிரிக்க முடியாத உறுப்பாயிற்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதம் யாழ்ப்பாணத்துக்கான சேவை போரால் நின்றது. பின்னர்த் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. நிலையங்கள் இடிந்து காடேறின. போர் முடிந்தபின் இந்திய உதவியுடன் பாதை மீண்டும் போடப்பட்டு, 2013ஆம் ஆண்டு செப்தெம்பரிற் கிளிநொச்சியையும், 2014ஆம் ஆண்டு மார்ச்சிற் பளையையும், அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆம் தேதி யாழ்ப்பாணத்தையும், 2015ஆம் ஆண்டு சனவரியிற் காங்கேசன்துறையையும் அடைந்தது. அவ்வாண்டு மார்ச்சில் தலைமன்னார்த் துறைக்கும் வண்டி திரும்பி வந்தது. நிலையங்களிற் கூடி நின்ற முதியோர் பலர் கண்ணீர் விட்டனர் என்பதை வடக்கில் அறியாதார் இலர்.

ஆயின் இருபத்துநான்கு ஆண்டு என்பது ஒரு தலைமுறை. அத்தலைமுறை புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்தது. தண்டவாளம் இருந்த மேட்டில் நடந்தும் சைக்கிள் ஓடியும் மாடு மேய்த்தும் பழகியது. ஊர்ப் பாதைகள் அம்மேட்டை வேண்டியவாறு குறுக்கறுத்தன. புதிய தண்டவாளத்தில் வண்டி முன்னையிலும் விரைவாக வந்தது. பல கடவைகளிலோ படலையுமில்லை, காவலாளியுமில்லை. மீளத் திறந்த ஆண்டுகளில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் காவலற்ற கடவைகளிற் பல உயிர்கள் போயின. 1830இல் ஹஸ்கிசனுக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது: கண் அளந்த வேகம் வேறு, வந்த வேகம் வேறு. தெற்கிலும் இக்குறை இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் தேதி, பொல்காவலையை அடுத்த யாங்கல்மோதரைக் கடவையில், மற்றொரு பேருந்தோடு போட்டியிட்டு ஓடிய பேருந்து புகையிரதத்தோடு மோதி 35க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மனிதரின் கடவைகளிலும் பழமையானவை விலங்குகளின் கடவைகள். 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் அபரணைக்கு அண்மையில் மட்டக்களப்பு வண்டி மோதியதில் ஆறு யானைகள் மாண்டன.

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் தேதி சேதுக் கடலின் இருகரையிலும் ஒரே நாளில் இரு திறப்பு விழாக்கள் நிகழ்ந்தன. காலையில் அனுராதபுரத்திற் செப்பனிடப்பட்ட மாகோ–ஓமந்தைப் பாதையும், பின்னர் அக்கரையிலே பழைய பாலத்துக்குப் பதிலாகக் கட்டப்பட்ட புதிய பாம்பன் பாலமும் இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டன. மாகோவிலிருந்து அனுராதபுரம்வரை புதிய சமிக்ஞை முறை அமைக்கும் வேலையும் அன்றே தொடக்கிவைக்கப்பட்டது. பாதையோடு சமிக்ஞையும் சேர்த்து எண்ணப்பட்டமை வரவேற்கத்தக்கது. மாலையும் மத்தளமும் பாதைக்கே உரியன என்றும், கைகாட்டியும் படலையும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளத்தக்கன என்றும் எண்ணியதே முற்கால வழக்கம்.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, பாதையைத் திறப்பது ஒரு நாளின் வேலை. அதனைக் காப்பது அது உள்ளவரையான வேலை. இரண்டாவது, காவல் விதிகளுட் பெரும்பாலானவை பிறர் உயிரைக் கொடுத்து வாங்கப்பட்டவை. அவற்றைக் கைக்கொள்ளாமை மாண்டாருக்கு இழைக்கும் அநீதியுமாகும். மூன்றாவது, ஓரிடத்து விபத்து மற்றோரிடத்துக்கு எச்சரிக்கையாதல் வேண்டும். நொறிச்சின் துயரம் அட்டனைக் காத்தது. தனுஷ்கோடியின் துயரமோ பெரலியவைக் காக்கவில்லை. கடலோரப் பாதைக்கு முன்னறிவிப்பு வேண்டும் என்னும் பாடம் நாற்பதாண்டு படிக்கப்படாமற் கிடந்தது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பழமொழி கூறிய தமிழர்க்கு இது புதிய அறிவன்று.

பாலத்துறையின் பழைய மிதவைப் பாலம் மறைந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. அப்பாலம் திறந்திருந்த வேளையில் இருகரையிலும் வண்டிகள் காத்து நின்றன. காத்து நிற்க வேண்டும் என்பதை எவரும் குறையாகக் கொள்ளவில்லை. கடவை எதுவாயினும் அதற்கொரு காவலும், காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். புதிய பாதைகள் இன்னும் திறக்கப்படும், திறக்கப்படவும் வேண்டும். ஒவ்வொரு திறப்பு விழாவின்போதும் அப்பாதையிற் கடவைகள் எத்தனை, அவற்றுட் காவலுள்ளவை எத்தனை என ஊரவர் கேட்பாராயின், விபத்துக்களின் பக்கம் சிறிதாயினும் குறுகும்.